கையுறைக்குள் ஒரு கயிறு

வெள்ளிக்கிழமை, இரவு

நாளை மறுநாள் ஐஸ்லாந்து கிளம்புகிறேன். அங்கே டைவிங்குக்காக வாங்கிய, தண்ணீர் புகாத கையுறையை இன்று சாயங்காலம் வீட்டிலேயே சோதித்தேன். பட்டினப்பாக்கம் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து, வாளித் தண்ணீரில் கொட்டிக் கையை விட்டேன். சிறிது நேரத்தில் உள்ளே ஈரம். விரல்கள் மரத்துப்போயின. அடியில் கம்பளி உறை போட இடம் வேண்டுமென்று ஓர் அளவு பெரிதாக வாங்கியது தப்போ என்று தோன்றியது.

கழற்றிப் பார்த்தேன். அளவு சரிதான். மணிக்கட்டைக் கவ்வும் ரப்பர் பட்டைக்கு அடியில் அம்மா கோயிலில் கட்டிவிட்ட கயிறு. அதை ஒட்டித்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது.

"இதை அவுத்துடறேம்மா."

"ஆத்துக்குத் திரும்பி வர வரைக்கும் அவுக்கப்படாதுடி. வேண்டிண்டு கட்டியிருக்கேன்."

"தண்ணிக்கடியில கை மரத்துப்போனா எதையும் பிடிக்க முடியாதும்மா."

அம்மா தன் கையை வாளிக்குள் விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கயும் இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான். ஆனா நெனச்சவுடனே வெளில எடுக்க முடியாது."

கையை எடுத்தாள். கத்தரிக்கோல் கொண்டுவந்து அவளே வெட்டினாள். கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, முடிச்சுப் போட என்னிடம் கையை நீட்டினாள். மரத்த விரல்களில் முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது.

"இறுக்கிப் போடுடி" என்றாள்.