நகராத பொத்தான்

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

நம் அறையின் தற்போதைய முழுச் சொந்தக்காரியும் உன் ஒரே தங்கையுமான நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கட்டில்தான் இளைத்துவிட்டது. அம்மா மெத்தையை எடுத்து வெயிலில் போட்டாள், இன்னும் திருப்பிப் போடவில்லை.

போன மாதம் உனக்கு ஒரு புரோகிராம் அனுப்பினேனே, "சூப்பர்டி, ரொம்ப அழகா இருக்கு" என்று பதில் போட்டாய். அதில் மூடும் பொத்தான், மவுஸ் கிட்டே போனாலே ஓடிவிடும். திறந்தவள் என்னைத் திட்டாமல் இருந்திருக்கவே முடியாது. ஒரு திட்டுகூட வரவில்லை. நீ திறக்கவே இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

சரி, உன்மேல் தப்பில்லை என்று வைத்துக்கொண்டேன். நான் எழுதியது நம் வீட்டு விண்டோஸுக்கு, உனக்கு ஆபீஸில் கொடுத்திருப்பதோ மேக் கம்ப்யூட்டர், அதில் இது ஓடாது. அதனால் இரண்டிலும் ஓடுகிற மாதிரி புரோகிராம் எழுத உதவும் கருவியாக, மாப்பிள்ளை பார்ப்பது போல மூன்றைப் பார்த்தேன். முதலாவது, திரையில் ஒரு குட்டி ஜன்னலைத் திறக்க முழு பிரவுசரையே குடும்பத்தோடு கூட்டிவந்தது. இரண்டாவது, எந்த மெஷினுக்குப் போனாலும் ஒரே முகம், எங்கேயும் விருந்தாளிதான். மூன்றாவது கொஞ்சம் முசுடு, பழகவே மூன்று வாரம் பிடித்தது. ஆனால் உன்னிடம் வந்தால் உன் மெஷினின் சொந்தப் பொத்தானையே காட்டும், என்னிடம் இருந்தால் என் மெஷினின் பொத்தானை. அதையே முடிவு செய்தேன். "புஸ்தகத்துக்கு முன்னாடி ஒரு நாளாவது இப்படி உக்காந்திருக்கியாடி?" என்றாள் அம்மா.

கம்ப்யூட்டர் டீச்சரிடம் மேக் இருக்கிறது. கெஞ்சி வாங்கி அதிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இது என்ன செய்யும் என்று கேட்டார். "லைட்டை அணைக்கும் மிஸ்" என்றேன். "அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான். திரையில் திறக்கும் ஜன்னலில் நம் அறை, இரண்டு கட்டில், ஒரு விளக்கு. யார் எழுந்து அணைப்பது என்று சண்டை போடுவோமே, அதே விளக்கு. நீ அங்கே பொத்தானை அழுத்தினால் இங்கே என் திரையிலும் அணையும். இப்போதெல்லாம் அறை விளக்கை நானே எழுந்து அணைக்கிறேன், வாக்குவாதமே இல்லாமல். நல்ல பிள்ளையாகிவிட்டேன் பார், கொடுமை!

செவ்வாய்க்கிழமையே உனக்கு அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை குறும்பு எதுவும் வைக்கவில்லை, சத்தியம். பொத்தான் வைத்த இடத்திலேயே இருக்கும். வேலை அதிகம் என்றால் பதில்கூட எழுதாதே. அழகா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே. திறந்து, ஒரே ஒரு தடவை அணைத்துவிடு அக்கா. செவ்வாய்க்கிழமையிலிருந்து இங்கே என் திரையில் எரிந்துகொண்டே இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் குட்டிச்சாத்தான்