நைலான் நூலில் அளந்த வீல்

12 ஆகஸ்ட் 2004, வியாழன்

கண்ணை மூடினால் நான்கு அலாய் வீல்கள் கடல்மேல் உருள்கின்றன.

வாசலில் நிற்கும் பழைய காரின் வீல்களை உப்புக்காற்று தின்றுவிட்டது. வலை பின்னும் நைலான் நூலில் போல்ட்டுகளின் இடைவெளியை அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, மனைவி மல்லிகாவோடு பஸ்ஸில் மூலக்கொத்தளத்துப் பழைய வீல் கடைக்குப் போனேன். டயர் நம்பரைச் சரியாகச் சொன்னேன். கடைக்காரர் நூலை வீலின் எதிரெதிர் ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார். எதிலும் எட்டவில்லை.

"இன்னா நைனா, பொம்ம காரா வெச்சிக்கினு கீற?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. மல்லிகா நூலைப் பிடுங்கினாள்.

"இவரு வலைக்கண்ணு அளக்குற மாரி, அடுத்த போல்ட்டு வரிக்கும்தான் அளந்துகினு வந்துகீறாரு. பக்கத்து ஓட்டைல வெச்சிப் பாருண்ணே."

நட்சத்திரம் போட்ட செட் ஒன்றில் முடிச்சுகள் அச்சாகப் பொருந்தின.

ஆட்டோவில் ஒரு வீலை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பளபளப்பில் வானமும் அவள் மூக்குத்தியும் சேர்ந்து ஓடின. கலீஜ் வண்டி என்று இதுவரை அந்தக் காரில் காலே வைக்காதவள், தெருமுனை வந்ததும் சொன்னாள்:

"யோவ், நாளிக்கு சீட்ட தொடச்சி வெய்யி. எண்ணூர் வரிக்கும் வர்றேன்."

எண்ணூரிலிருந்து எப்படித் திரும்ப மனசு வரும்?