ஏழாவது வீடு

நேற்றுக் காலை பழைய துணி எடுக்கலாமென்று ஒருக்களித்துக் கிடந்த பீரோக் கதவைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்த்தேன். என் சுங்குடிச் சேலை மேல் ஒரு பூனை நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. ஈரமும் பாலும் கலந்த அந்தச் சூடான வாசனை மூக்கில் ஏறியது. பூனையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ச் சன்னல் திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

இது அயனம்பாக்கத்தில் நாங்கள் கட்டிய வீடு. நீ பார்த்ததில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில் நாம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குடியிருந்த நாட்கள்தான். நீ மதுரைப் பக்கத்துக்காரி, நான் சேக்காட்டில் பிறந்தவள். "இன்னாக்கா, நாஸ்டா ஆச்சா?" என்று என்னைப் போலவே பேசிக் காட்டிவிட்டு நீயே சிரிப்பாய். தினமும் அடுக்களைக்குள் நுழைந்து சட்டி பானையெல்லாம் மோந்து பார்த்துவிட்டுப் போன சாம்பல் பூனைக்கு 'மாமியார்' என்று பேர் வைத்ததும் நீதான்.

அந்த ஐப்பசியில் உனக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு வளையல் குலுங்க ஓடிவந்து சுவரைத் தட்டினாய். "யக்கா, மாமியார் என்னைய முந்திக்கிட்டாக! மூணு குட்டிக்கா!" உன் கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டியின் மூடியைத் தொட்டில் மாதிரி மல்லாத்திப் போட்டு, அதில் உன் பழைய நூல் சேலையை விரித்திருந்தாய். வெளிச்சம் படக்கூடாதென்று கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டாய். உன் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டிலிருந்து குட்டி போட்ட பூனையை விரட்டக் கூடாது என்று நீ ஒரே பிடியாக நின்றாய்.

பத்து நாளில் உன் அம்மா வந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போனார். போகிற அவசரத்திலும் அடுக்களைச் சன்னலின் ஒரு கதவைக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாய். "இதை மட்டும் சாத்திராதக்கா. இதுதான் அதுக்கு வாசல்" என்றாய். அடுத்த வாரம் உனக்கு வலி கண்டதென்று தந்தி வந்தது. உன் வீட்டுக்காரர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

மறுநாள் வானகரத்தில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. நாங்கள் குடும்பத்தோடு கிளம்பினோம். அதற்கு முதல் நாள்தான் பக்கத்து பிளாக்கில் யாருடைய பித்தளைக் குடமோ திருட்டுப் போயிருந்தது. இரண்டு வீடும் பூட்டிக் கிடக்குமே, சன்னலும் திறந்திருந்தால் என்ன ஆவது என்று எனக்குப் பயம். ஒரே ஒரு நாள்தானே என்று பெரிய கிண்ணம் நிறையப் பாலும் சோறும் வைத்தேன். கட்டிலுக்கடியிலிருந்து முனகல் கேட்டது. தாயும் உள்ளேதான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டேன். குனிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பட்டுப்புடவை கசங்குமென்று நான் குனியவில்லை. கயிற்றை அவிழ்த்து, கதவைச் சாத்தி, கொக்கியையும் போட்டேன்.

அன்று பிடித்த மழை நிற்கவேயில்லை. ரோடெல்லாம் தண்ணீர், பஸ் இல்லை. ஒரு நாள் நான்கு நாளாயிற்று. திரும்பி வந்தபோது மாடி வீட்டம்மா படியிலேயே பிடித்துக்கொண்டாள். "அந்தப் பூனை சன்னல்ல தொங்கிக்கினு ரெண்டு நாளா அழுதுச்சும்மா. பூனை அழுவுறது ஊட்டுக்கு ஆவாதுன்னு நான்தான் தண்ணி ஊத்தித் தொரத்துனேன். உள்ள குட்டி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

கிண்ணத்தில் பால் அப்படியே புளித்துக் கிடந்தது. டிரங்குப் பெட்டி மூடியில் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டிருந்தன. அவற்றை உன் சேலையிலேயே சுற்றி, என் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அந்த வாரமே மதுரையிலிருந்து கடிதம் வந்தது. உன் பெண் குழந்தை இரண்டு நாள்தான் இருந்ததாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மனசு அதைக் கேட்டதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து நீ வந்தாய். உள்ளே போனதும் கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு, "குட்டிகள எங்கக்கா?" என்றாய். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது. "பூனை குட்டி போட்டா ஏழு ஊடு மாத்தும்னு தெரியாதா உனக்கு? வாயில கவ்விக்கினு போயிருக்கும்."

நீ நம்பினாய். மறுநாளே ஒரு கிண்ணத்தில் பால் எடுத்துக்கொண்டு அந்த ஏழு வீட்டைத் தேடக் கிளம்பிவிட்டாய். நானும் கூட வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்க பூனை குட்டியோட இங்கிட்டு வந்துச்சாங்க?" என்று கேட்டாய். உன்னோடு சேர்ந்து நானும் பரணைப் பார்த்தேன், விறகுக்குப் பின்னால் பார்த்தேன். அப்படி ஆறு வீடு. ஆறாவது வீட்டில் ஒருத்தி உன்னைப் பார்த்ததும் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நீ பாலைப் படியோரம் ஊற்றிவிட்டுத் திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு தேடவில்லை.

மாமியார் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாய். "பாலு கட்டி நெஞ்செல்லாம் கல்லாப் போச்சுக்கா. மல்லிப்பூவ வச்சுக் கட்டித்தான் அம்மா வத்த வச்சாக." சற்று நேரம் அதன் வயிற்றைத் தடவினாய். "குட்டிகள விட்டுட்டு இது தெனமும் இங்கயே வந்து கெடக்கே. ஏன்க்கா?" அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து மல்லிகைப்பூ வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் காரணம் கேட்டால் தலைவலி என்பேன்.

மறு வருஷம் உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றியானதும் சாவி கொடுக்க முன் வழியாக வராமல் கொல்லைப்பக்கமாக வந்தாய். உன் அடுக்களைச் சன்னலின் பச்சைப் பெயின்டில் வெளிப்புறம் நீள நீளமாக நகக்கீறல்கள் இருந்தன. அவற்றை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாய். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வீடு பாத்தாச்சுக்கா. ஏழாவது வீட்டை மட்டும் நான் பாக்கல. பாக்காமலே போறேன்" என்று சொன்னாய்.

தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று கேட்டு எழுதப் பலமுறை இன்லேண்ட் லெட்டர் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் சௌக்கியம் விசாரித்துத்தான் அனுப்பினேன். போன தை மாதம் நீ போய்விட்டாய் என்று உன் வீட்டுக்காரர் எழுதினார். இனி உன்னிடம் கேட்க முடியாது.

இன்று காலையிலிருந்து மழை. "அத்தே, சாரல் அடிக்குது, சன்னலைச் சாத்துங்க. மெத்தையெல்லாம் நனையுது" என்கிறாள் மருமகள். நனையட்டும் என்றேன். கதவைக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறேன், நீ கட்டிய மாதிரியே. சற்று முன் பூனை வெளியே போனது. அது திரும்பி வருகிற வரைக்கும் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஏழாவது வீடு என்னுடையதுதான். மூன்றையும் நான்தான் அடைத்துக் கொன்றேன்.