சாமான் துண்டு கைமாறிய கிழமை

கார்த்திகை 17, திங்கள்
பலத்த காற்று. படகு ஓடவில்லை. செய்ய வேண்டியவை: ஆண்டு ஏழு கொப்பிகள் திருத்துவது, பாடக்குறிப்பு, தலை முழுக்கு. செய்தது: தலை முழுக்கு மட்டும்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் போனபோது ஆசிரியர் விடுதியில் ஆறு பேர் வாங்கவேண்டியதை எழுதிச் சாமான் துண்டு தந்தார்கள். நெடுந்தீவிலிருந்து கரைக்குப் போகிறவர் மற்றவர்களுக்கும் வாங்கி வரவேண்டும், எழுதாத சட்டம். ஐந்து பேருடையது வந்தது. பக்கத்து அறை சுமதி அக்காவின் கண்மருந்து வரவில்லை. குடை மட்டும் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஏன்? தெரியாது.

"பரவாயில்லை" என்றா அக்கா. எந்தக் குரலில் சொன்னா என்று இன்னும் யோசிக்கிறேன்.

18, செவ்வாய்
மழை. படகு இல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு குசினி வாசலில் நிற்க, அக்கா சங்கீத ரீச்சரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அடுத்தமுறை நீர் போகேக்க என்ரை துண்டையும் கொண்டு போம். இனி அவவிட்டை வேண்டாம்."

அவ்வளவுதான். முகம் சுட்டது. தேத்தண்ணியை விட்டுவிட்டு அறைக்குள். ஒரு பாடவேளை நீளம் அழுகை. வயது முப்பத்துநாலு!

எனக்கு மருந்து எழுதும் டொக்டர் முந்தியே விளங்கப்படுத்தினவர்தான். "ஏடிஎச்டி, இந்தக் கவனக்குறைபாடு எண்டால் மறதி மட்டுமில்லை, உணர்ச்சிக்கும் பிறேக் குறைவு. அதோடை சின்னனிலை இருந்து 'கவனமில்லாதவள்' எண்டு பேச்சு வாங்கின ஆள் நீங்கள். ஆரும் கொஞ்சம் முகம் திருப்பினாலே முழுசாக் கைவிட்டமாதிரி இருக்கும்." பெயர் தெரிந்த நாய் கடித்தாலும் நோகத்தான் செய்கிறது. மருந்து பின்னேரம் போட மறந்துபோனேன்.

19, புதன்
வெளியே போனால் கடல். உள்ளே வந்தால் வாசலில் அக்காவின் செருப்பு. அவ குசினியை விட்டுப் போகும்வரை அறைக்குள் அடைந்து கிடக்கிறேன். சாப்பாடு பிஸ்கட்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட அதிபரிடம் போய் இடமாற்றம் கேட்டேன். யோசிக்கவில்லை, வாய் முந்திவிட்டது. "சரி ரீச்சர், எழுதித் தாங்கோ." ஏன் என்றுகூடக் கேட்கவில்லை மனிசன். கேட்டது நான், அவர் சம்மதித்ததற்கும் நானே அழுதேன். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்.

20, வியாழன்
காற்று விட்டது. காலைப் படகில் கடிதம் கல்விக் கந்தோருக்குப் போய்விட்டது.

பின்னேரம் அக்கா புட்டோடு கதவைத் தட்டினா. "என்ன பிள்ளை, சுகமில்லையே? சாப்பிட வாறேல்லை." குசினியில் கேட்டதைச் சொன்னேன்.

"விசரே! ஆறு பேரின்ரை துண்டோடை நீர் படுற பாட்டைப் பாத்துத்தான், ஒண்டாவது குறையட்டும் எண்டு சொன்னனான்."

சிரித்தேன். அக்காவும். பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "என்னை விட்டிட்டுப் போறதெண்டு எழுதியும் குடுத்திட்டீர். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை." மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனா.

21, வெள்ளி
வெயில். அதிபரிடம் கடிதத்தைத் திருப்பித் தரக் கேட்டேன். "அது நேற்றே போயிட்டுது ரீச்சர்."

அக்கா இன்று பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்று தரம் கதவைத் தட்டினேன். "தலையிடி" என்றா உள்ளேயிருந்து.

தலையிடியாகத்தான் இருக்கும். தலையிடிதான்.