வேகாத ஃபூசிக் கிழங்கு

தேஹுவா,

அடுப்பில் இருக்கும் ஆட்டுக்கறிச் சாற்றை வாயில் வைத்துவிடாதே! உன் அப்பாவின் சில்லிட்ட கால்களுக்குச் சூடு தருமென்று ஃபூசி என்ற மருந்துக் கிழங்கைப் போட்டு வைத்தேன். மணிக்கணக்கில் வேகாவிட்டால் அது விஷம். நான் மாடியில் துணி எடுத்து வருவதற்குள், குளிர் தாங்காமல் ஒரு கிண்ணம் குடித்துவிட்டார். "நாக்கே மரத்துப்போச்சும்மா, நெஞ்சு அடிச்சுக்குது" என்றார். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

வந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சாவி எதிர்வீட்டு ஃபாங் அக்காவிடம். அந்தச் சாற்றில் கொஞ்சம் பாட்டிலில் கொண்டு வா, டாக்டர் பார்க்க வேண்டுமாம்.

யூலான்

பி.கு. நேற்று அவரை உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டேனே, அது அவர் காதில் விழுந்திருக்கிறது. "பிழைச்சு வந்தா பெரியவன்கிட்டயே போயிடறேம்மா" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சொல்கிறார். "பேசாம படுங்க, நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்று அதட்டிவிட்டேன். வந்ததும் நீயும் அதையே சொல்.