வடு இல்லாத பைன் மரங்கள்

அன்பு மகள் மிர்சினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, நாங்கள் வாங்க நினைக்கிற பெஃப்கோனாஸ் ஊர் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். அதைப் பார்த்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை.

உன் தம்பி அர்கீரிஸுக்கு மூச்சிரைப்பு, ஏதென்ஸ் புகை ஆகாது, மலையடிவாரக் காற்றுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னபோது முதலில் தலையாட்டியவளே நான்தான். வீடும் நன்றாகத்தான் இருக்கிறது, வராந்தாவிலிருந்து கடல்கூடத் தெரிகிறது. ஆனால் அந்தத் தெருவில் ஒரு கார் விடாமல் எல்லாக் காரும் மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்தே நிற்கிறது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன், "எல்லாரும் நல்ல டிரைவருங்க, உன்ன மாதிரியா"ன்னு சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "வாங்கப் போறீங்களா? அப்ப வண்டிய ரிவர்ஸ்ல விடப் பழகிக்கோங்க"ன்னு சொல்லிவிட்டுக் குழாயை மூடி உள்ளே போய்விட்டாள். வேலியைச் சுற்றி அடர்த்தியாகப் பைன் மரங்கள், வெளியேற ஒரே ஒரு ரோடு, அதுவும் வளைந்து வளைந்து போகிறது.

காட்டுத் தீ வந்தால் சட்டென்று ஓடத்தான் இப்படி நிறுத்துகிறார்களோ என்று வீட்டை விற்கிற வங்கேலிஸ் ஐயாவிடம் கேட்டேன், அவர் வாய் ஓயாமல் பேசினார். "இங்க நெருப்பா? எங்கப்பா சாகுற வரைக்கும் இதே மரங்கள்லதான்மா பிசின் எறக்குனாரு, அந்தப் பிசின் போட்ட ஒயின்தான் இது, குடிங்க"ன்னு ஒரு டம்ளரை நீட்டினார். நான் குடிக்காமல் மரங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம், கூரைக்குக் கொஞ்சம் மேலே, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தின மாதிரி. பிசின் இறக்கின மரத்தில் பட்டையைச் செதுக்கின வடு ஒரு முகம் நீளத்துக்கு இருக்கும். ஒன்றிலும் இல்லை. எந்த மரத்தில் உங்கள் அப்பா இறக்கினார், காட்டுங்கள் என்றேன். "ஆறிப்போச்சும்மா" என்றார். மரத்தில் போட்ட அந்த வெட்டு மரம் சாகிறவரை மூடாது மிர்சினி, இது பிசின் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும், அவர் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பழைய காடு எரிந்துபோய், விழுந்த விதையெல்லாம் ஒன்றாக முளைத்ததுதான் இப்போது நிற்கிறது. உன் அப்பா, "காலேஜ்ல படிச்சாலும் படிச்சா, மரத்துகிட்ட அடையாள அட்டை கேக்குறா பாருங்க" என்றார். வங்கேலிஸ் ஐயா சிரித்தார், ஆனால் சிரிக்குமுன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை அரிக்கிறது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை போனில் வீடு எப்படி என்று கேட்டாய், கடல் தெரிகிறது, மரம் நிறைய என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு நீ, "பதினாறு வருஷம் ஆச்சும்மா, இனிமே ஒண்ணும் ஆகாது" என்றாய். லைன் சரியில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. நெருப்பு என்ற சொல்லையே நான் உன்னிடம் சொல்லவில்லையே, எந்தப் பதினாறு வருஷம்? யார் சொன்னது? நான் பயந்துவிடுவேன் என்று நீயும் அப்பாவும் சேர்ந்து மறைத்தீர்களா? உன் தம்பிக்கு ஆறு வயது, புகை வந்தால் அவன் எத்தனை அடி ஓடுவான் என்று எனக்குத் தெரியும், உங்கள் இருவருக்கும் தெரியாது.

தாத்தா எழுதிவைத்த பாதி உன் பேரில் இருப்பதால் உன் பவர் பத்திரம் வராமல் இந்த ஃபிளாட்டை விற்க முடியாது, விற்காமல் அதை வாங்கவும் முடியாது. ஆகவே அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தூதரகத்துக்குப் போகாதே. ஏற்கெனவே போய்விட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. போனில் வேண்டாம், அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள், ரொட்டியும் காபியுமாகப் பொழுதை ஓட்டாதே. தேவமாதா உன்னை அணைத்துக் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். அப்பா உன்னிடம் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது, எனக்காக ஒன்றையும் மென்மையாக்காதே.

உன் பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திடாத அம்மா,
கலியோபி