கேட்டை நான்தான் திறப்பேன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். நம் பையன் ஓட்டிய பழைய காருக்கு இரண்டு சைலன்சர் கொண்டுவருகிறார். ஒன்று நீங்கள் சொன்னது, சத்தமே வராது. இன்னொன்று, அவன் தேடி அலைந்து மாட்டி, இப்போது துருப்பிடித்துப் போனதே, அதே மாதிரி உறுமும். உறுமுவதையே மாட்டச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள், "பிள்ளையே போயிட்டான், சத்தம் மட்டும் எதுக்கு?" என்றதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். தப்புதான். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் ஓடிவந்து கேட்டைத் திறப்பதும், வண்டிக்குள் உங்களைப் பார்த்ததும் என் முகம் சுண்டிப்போவதும் உங்களுக்குத் தெரியாதா என்ன? அதைத் தாங்க முடியாமல்தானே சத்தமில்லாததைக் கேட்டீர்கள்.

ஆனால் தெருமுனையில் வண்டி திரும்பினால், கேட் வரைக்கும் வருவது அவன்தான். அந்த அரை நிமிஷத்தையும் பிடுங்கிவிடாதீர்கள்.

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

இன்னொன்று. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். அதற்கப்புறம் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்வாருங்கள். போகும்போது கேட்டைச் சாத்திவிட்டே போங்கள்.